எட்டாம் நம்பர் பூட்ஸ்

என் வலது தோளை மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். மூன்று பேரில் ஒருவர்கூட ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லவில்லை. குளிர் ஊரில் டாக்டர்களுக்கு இது ஒரு சௌகரியம். கம்பளியின் மேலேயே கையை வைத்து, இங்கே வலிக்கிறதா, அங்கே வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு மாத்திரை எழுதிவிடலாம். முட்டைக்கோஸ் வாங்குகிறவன்கூட மேல் இலையை விலக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறான்.

இப்போது எனக்குக் கை தூக்க வருகிறது. கோபம் கொஞ்சம் ஆறட்டும், பிறகு எழுது என்றார் என் வீட்டுக்காரர். ஆறிய பிறகு எழுதினால் எல்லோரையும் நல்லவர்கள் என்று எழுதிவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

என் பெயர் மல்லிகா. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருபத்தொரு வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். முன்பெல்லாம் விரலால் கிள்ளினோம். இப்போது கத்திரி. இரண்டு நீளக் கைப்பிடி, அதன் முனையில் வெட்டுகிற அலகு, அலகின்மேல் கொழுந்து விழ ஒரு தட்டு. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்து நின்று வெட்டவேண்டும். தட்டு நிறைந்ததும் ஒரே வீச்சில் தோளுக்கு மேலாக முதுகுப் பைக்குள் எறியவேண்டும். வெட்டு, வீசு, ஒரு அடி நகரு. காலையிலிருந்து மாலை வரை இதுதான்.

வலி வைகாசியில் வந்தது. முதலில் தலை பின்ன முடியவில்லை. பிறகு கொடியில் துணி போட முடியவில்லை. எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரு டாக்டர் வருவார். அவர் என் வயதைக் கேட்டார். நாற்பத்து நான்கு என்றேன்.

"இந்த வயசுல எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதாம்மா" என்று தைலம் கொடுத்தார்.

என் வீட்டுக்காரருக்கும் நாற்பத்து ஏழு வயது ஆகிறது. அவர் மினி லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய் ஏற்றிக்கொண்டு போகிறவர். அவருக்கு முதுகு பிடித்தபோது இதே டாக்டர், வண்டி சீட்டை மாற்றச் சொன்னார். ஆணுக்கு வலி வந்தால் வேலையைக் கேட்கிறார்கள், பெண்ணுக்கு வந்தால் வயதைக் கேட்கிறார்கள்.

இரண்டாவது டாக்டர் கோத்தகிரியில். எக்ஸ்ரே எடுத்தார், தேய்மானம் என்றார், ஸ்வெட்டர் கழுத்தை இழுத்துப் பிடித்துத் தோளில் ஒரு ஊசி போட்டார். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், சதை கிழிந்திருந்தால் காட்டாது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊசி வீக்கத்தை அமுக்கி வலியை மறைக்கிற மருந்து. மறுநாள் கை லேசாகிவிட்டது. குணமாகிவிட்டது என்று நினைத்து, விட்ட நாளுக்கும் சேர்த்து இழுத்துப்போட்டு வேலை செய்தேன். பத்தாம் நாள் காலையில் தட்டை வீசியபோது தோளுக்குள் ஏதோ பட்டென்று விட்டது. கத்திரி கையிலிருந்து நழுவியது. கொழுந்தெல்லாம் செடிமேல் சிதறிக் கிடந்தது. நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதேன். வலிக்காக மட்டும் அழவில்லை, பயம்.

பயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கிற லைன் வீடு எஸ்டேட்டுடையது. வேலை இருக்கிறவரை வீடு. என் அம்மா புளியம்பட்டியிலிருந்து கொழுந்தெடுக்க வந்தபோது கொடுத்த வீடு. அதில்தான் நான் பிறந்தேன். அம்மாவுக்குப் பிறகு வேலையும் வீடும் என் பெயருக்கு வந்தன. என் மகள் தீபா அங்கிருந்துதான் கோத்தகிரிக்கு பிளஸ் டூ படிக்கப் போகிறாள். எஸ்டேட் ஆபீசில் எழுத்தர் விஷயத்தை உடைத்தே சொல்லிவிட்டார்.

"மூணு மாசம் மெடிக்கல் லீவு இருக்குதுங்க்கா. அதுக்குள்ள வந்து காட்டுல நின்னு கத்திரி புடிச்சுக் காட்டோணும். இல்லீன்னா அன்ஃபிட்னு எழுதிக் கணக்க முடிச்சுப்போடுவாங்க. அப்பறம் ஊட்டுச் சாவிய ஒப்படைக்கறதுதான்."

மூன்று மாதம். ஆடி மாதம் முதல் வாரத்திலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

பஸ் பிடித்துக் கோயம்புத்தூருக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. மலையில் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரோடு அங்கே போய் வியர்த்துக் கொட்டியது. கூடத்தில் வரிசையாக நாற்காலி, எல்லா நாற்காலியிலும் யாரோ ஒருவர் கையையோ காலையோ பிடித்துக்கொண்டு. டோக்கன் கூப்பிடுகிற பெண், பெயரைப் பாதி விழுங்கித்தான் கூப்பிடுவாள். எழுந்து போகத் தாமதித்தால் முறைப்பாள்.

எம்.ஆர்.ஐ. என்று ஒரு சோதனை. பெரிய காந்தக் குழாய்க்குள் படுக்க வைத்து உடம்பின் உள்சதையைப் படம் எடுக்கிறார்கள். உள்ளே தகரக் கொட்டகையில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். அசையக்கூடாது என்றார்கள். அசையாமல் கிடந்து எல்லோரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு ஆள் தீரவில்லை, அதற்குள் படம் முடிந்துவிட்டது.

மூன்றாவது டாக்டர், அறுவை சிகிச்சை செய்கிற பெரிய டாக்டர். என்னைவிட என் படத்தை அதிக நேரம் பார்த்தார். தோள் மூட்டை நான்கு சின்னத் தசைகள் சுற்றிப் பிடித்திருக்குமாம். அவை நார்போல் முடிந்து எலும்பில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். அதில் ஒரு நார் எனக்குப் பாதி கிழிந்திருக்கிறது. விட்டால் முழுதாகக் கிழியும். சின்ன ஓட்டை போட்டு உள்ளே தைக்க வேண்டும். தைத்தால் ஆறு மாதம் பாரம் தூக்கக்கூடாது.

"ஆறு மாசமா? எனக்கு மூணு மாசந்தானுங்க இருக்குது" என்றேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரிஞ்சது தோள்" என்றார்.

தைத்தால் வீடு போகும், தைக்காவிட்டால் கை போகும். என் வீட்டுக்காரர் கை முக்கியம் என்றார். எனக்கு அவர்மேலும் பத்திக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரி என்பதால்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ரத்தத்தில் சர்க்கரை அதிகம், அது குறைந்தால்தான் ஆபரேஷன் என்று தள்ளிப்போட்டார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

ஒன்பது நாள் அந்தப் பெண்கள் வார்டில் கிடந்தேன். விரலில் குத்து, ரத்தம் எடு, இன்னும் இறங்கவில்லை, நாளைக்குப் பார்க்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்பது அவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு மூன்று மாதத்தில் ஒரு நாள். பார்வை நேரத்தில் என் வீட்டுக்காரர் வந்து என் தலையைப் பின்னிவிடுவார். முதல் நாள் பின்னல் வைக்கோல் பிரி மாதிரி இருந்தது. பக்கத்துப் படுக்கை அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மனுஷன் விடவில்லை. தினமும் பின்னினார். ஐந்தாம் நாள் பக்கத்துப் படுக்கை அம்மாவே, "ஏனுங்க தம்பி, எனக்கும் ஒரு பின்னல் போட்டுட்டுப் போங்க" என்றார். அந்த ஒன்பது நாளில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

காத்திருக்கிற நாளில் சும்மா இருக்க வேண்டாம் என்று காலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பிசியோதெரபிஸ்ட் நித்யா. ஈரோட்டுப் பெண், என்னைவிடக் கோபக்காரி. என் சீட்டைப் படித்துவிட்டு, "இப்பிடிக் கிழியற அளவுக்கு என்ன வேலைங்க்கா செஞ்சீங்க?" என்று கேட்டாள். வலி வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். ஸ்வெட்டரையும் கழற்றச் சொன்னாள்.

சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. செய்து காட்டச் சொன்னாள். இரண்டு ஊன்றுகோலைக் கத்திரிபோல் கையில் கொடுத்தாள். சரிவு வேண்டுமே என்றேன். சக்கர நாற்காலி ஏறுகிற சாய்வுப் பாதையில் நிறுத்தினாள். வலிக்காத அளவுக்கு மெதுவாக வெட்டினேன், வீசினேன். அவள் என் கையைப் பார்க்கவே இல்லை. குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாக்ஸக் கழட்டுங்க."

"தோளுக்குத்தானுங்க வந்தேன்."

"கழட்டுங்க சொல்றேன்."

கழற்றினேன். என் கால் விரல்களைப் பார்த்து அவள் முகம் சுருங்கியது. விரலெல்லாம் பூனை நகம் மாதிரி உள்ளே மடங்கி, நுனியில் காய்ப்பு. பெருவிரல் நகம் கறுத்திருந்தது. அது எனக்கு வருடக்கணக்காக அப்படித்தான். கால்தானே என்று விட்டிருந்தேன்.

அவள் சுவரில் கட்டியிருந்த ஒரு ரப்பர் பட்டையை என் நல்ல கையில், இடது கையில் கொடுத்தாள். வெறுங்காலோடு நின்று இழுக்கச் சொன்னாள். சுலபமாக வந்தது. பிறகு சாக்ஸைப் போட்டுக்கொண்டு, தரையில் விரித்த பிளாஸ்டிக் தாள்மேல் நின்று அதையே இழுக்கச் சொன்னாள். பட்டை வரவில்லை, நான்தான் சுவரை நோக்கி வழுக்கினேன். விழாமல் இருக்க விரல்கள் மடங்கின. இடுப்பு விறைத்தது. தோள் காதுவரை ஏறியது. அந்த நல்ல தோளிலேயே சுரீர் என்றது.

"தெரிஞ்சுதுங்களா? கைக்குன்னு தனியா பலம் கெடையாதுங்க்கா. பாதம் தரைய அழுத்தோணும். தரை திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளு முட்டி வழியா இடுப்புக்கு வரும், இடுப்பு திரும்பி முதுகுக்குக் குடுக்கும், முதுகு தோளுக்குக் குடுக்கும். கையி கடைசில வாங்கி வீசறதோட சரி. உங்களுக்குப் பாதமே நிக்கல. அத்தன வேலையும் தோளே செஞ்சிருக்குது."

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் லைனில் மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாத நாளில், கீழ்க் குழாயிலிருந்து பெண்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே கொண்டுபோவோம். கீழே இருக்கிறவள் வரவில்லை என்றால் மேலே இருக்கிறவள் ஒவ்வொரு குடத்துக்கும் இறங்கி ஏறவேண்டும். அப்படி ஏறி இறங்கியே என் தோள் கிழிந்திருக்கிறது.

"பாதம் ஏன் நிக்கல? என்ன போட்டுட்டு வேலை செய்வீங்க?"

"எஸ்டேட் பூட்ஸ்ங்க. ரப்பரு."

"என்ன நம்பரு?"

"எட்டு."

"உங்க கால் நம்பரு?"

"அஞ்சு."

எஸ்டேட்டில் எட்டும் ஒன்பதும்தான் வரும். மருந்தடிக்கிற ஆண்களுக்கு வாங்குவதில் எங்களுக்கும் கொடுப்பார்கள். எங்கள் கூட்டத்தில் கொழுந்தெடுப்பவர்கள் எல்லோரும் பெண்கள். எட்டாம் நம்பர் பூட்ஸில் ஐந்தாம் நம்பர் கால் போட்டால் மேலே வாய் திறந்து நிற்கும். மழை நாளில் அந்த வழியாக அட்டை இறங்கும். அட்டைக்கு நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். துணி துவைக்கிற பார் சோப்பை நனைத்து, கால் முழுக்க, சாக்ஸ் முழுக்கத் தேய்த்துக்கொண்டு பூட்ஸுக்குள் காலை விடுவோம். அட்டை ஒட்டாது.

இதைச் சொல்லி முடித்ததும் நித்யா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "மூணு சைஸ் பெரிய பூட்ஸுக்குள்ள சோப்புப் போட்டுட்டு மலைச்சரிவுல நின்னீங்களா?"

"அப்ப என்ற தப்புங்களா?" என்று கத்திவிட்டேன். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அட்டை கடிச்சா ரத்தம் நிக்காது. சோப்புப் போடாம என்ன பண்றது? அஞ்சாம் நம்பர்ல பூட்ஸ் குடுத்திருந்தா அட்டை ஏன் எறங்குது, நான் ஏன் சோப்புப் போடறேன்?"

"தப்புன்னு சொல்லலீங்க்கா. கோபத்த அங்க போயிக் காட்டுங்க. இங்க காலக் காட்டுங்க" என்றாள்.

சாக்ஸைத் திரும்பப் போடும்போதுதான் எனக்குக் கௌரி ஞாபகம் வந்தாள்.

கௌரி எனக்கு அடுத்த வரிசையில் வெட்டியவள். சோப்பு போடுகிற யோசனையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். போன வருடம் அவளுக்கும் தோள் போயிற்று. கை தூக்க முடியவில்லை என்று அழுதாள். எங்கள் சூப்பர்வைசர் என்னிடம், "நெசமாவே முடியலையா, நடிக்கறாளா?" என்று கேட்டார். அவள் பங்கு வேலையும் என் தலையில் விழுந்த எரிச்சலில், "நடிக்கறாளுங்க. ஒடம்பு வளையல" என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று மாதம் முடிந்தது, கௌரி சாவியை ஒப்படைத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து டாக்டர்களையும் எஸ்டேட்டையும் திட்டிக்கொண்டிருந்த எனக்கு, திட்ட வேண்டிய ஆள் பட்டியலில் என் பெயர் விட்டுப்போயிருந்தது அன்றைக்குத்தான் உறைத்தது.

நித்யா பெரிய டாக்டரிடம் போய்ச் சண்டை பிடித்தாள் என்றுதான் சொல்லவேண்டும். பாதிக் கிழிசல்தான், காலையும் இடுப்பையும் சரிசெய்து தோளைப் பலப்படுத்தினால் தைக்காமலே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டு மாதம் கொடுங்கள் என்றாள். அவர் முதல்முறையாகப் படத்தை விட்டுவிட்டு என் காலைப் பார்த்தார். "இதை ஏம்மா முன்னாலேயே சொல்லலை?" என்று என்னைக் கேட்டார். கேட்டால்தானே சொல்வது. இரண்டு மாதத்தில் தேறாவிட்டால் கட்டாயம் தைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் பயிற்சி. கால் விரலால் துண்டைச் சுருட்டி இழுப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, இடுப்பைத் திருப்புவது, கடைசியாகத்தான் கை. தீபா பள்ளிக்கூடம் கிளம்புமுன் என் எதிரே நின்று எண்ணுவாள். நான் ஏமாற்றினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு மாதம்வரை ஒன்றும் தெரியவில்லை. தினமும் காலண்டரைப் பார்த்தேன், தினமும் யாரிடமாவது எரிந்து விழுந்தேன். ஆறாவது வாரம் கொடியில் என் சேலையை நானே போட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தவர், நேராகப் போய் லாரியைத் துடைத்தார்.

ஐந்தாம் நம்பர் ரப்பர் பூட்ஸைக் கோத்தகிரி கடைவீதியில் தேடினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மழைக்குப் போடுகிற மஞ்சள் பூட்ஸ்தான் இருந்தது. அது கடைத் தரையிலேயே வழுக்கியது.

மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது சோதனைக்குப் போனேன். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. டிஸ்பென்சரி டாக்டர், சூப்பர்வைசர், மேனேஜர் மூவரும் குடை பிடித்துக்கொண்டு பாதையில் நின்றார்கள். நான் எட்டாம் நம்பர் பூட்ஸைப் பாதையோரம் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு சரிவில் இறங்கினேன்.

"பூட்ஸ் போடாம எறங்கக் கூடாது, ரூல்ஸ்" என்றார் சூப்பர்வைசர்.

"கையிதான பாக்க வந்தீங்க? பாருங்க" என்றேன்.

சேறு விரல்களுக்கிடையே ஏறியது. பாதம் பிடித்தது. வெட்டினேன். இடுப்பு திரும்பியது, தட்டு தோளுக்கு மேலே போனது, கொழுந்து பைக்குள் விழுந்தது. வலி இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது தாங்குகிற வலி. ஒரு வரிசையை மேலிருந்து கீழ்வரை முடித்துவிட்டு ஏறி வந்தேன். இரண்டு காலிலும் அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன, ரத்தம் பாதம்வரை ஓடியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அவசரமாக 'தகுதி உண்டு' என்று கையெழுத்துப் போட்டார்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டாம் நம்பர், சோப்பு, தோள், எல்லாம். "லேடீஸ் சைஸ் அனுப்பச் சொல்லி எழுதறேன்" என்றார். எழுதியிருப்பார். இதை எழுதுகிற இன்றுவரை பூட்ஸ் வரவில்லை. கூட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் போய், சோப்பு போடாதீர்கள் என்று நானே சொல்லிவிட்டேன். மேட்டுப்பாளையத்தில் என் வீட்டுக்காரர் தேடிப்பிடித்த ஐந்தாம் நம்பர் ஜோடி என் காலில் இருக்கிறது. வீடு இருக்கிறது.

சோதனை நடந்த அன்று மாலையே கௌரிக்குப் போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், தோள் எப்படி இருக்கிறது என்றேன்.

"அதுங்களா? இங்க வந்து ரெண்டு மாசத்துல தானாப் போயிருச்சுங்க்கா. ஒரு ஊசிகூடப் போடல. பனியன் கம்பெனில சிமிட்டித் தரைல வெறுங்கால்ல நின்னு துணி அடுக்கற வேலைங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பூட்ஸ், சோப்பு, சூப்பர்வைசரிடம் நான் சொன்னது வரைக்கும்.

"நீங்க சொன்னது எனக்கு அப்பவே தெரியுமுங்க்கா" என்றாள். "அன்னைக்கு நீங்க வாயில சொன்னீங்க, அவரு எழுதிக்கிட்டாரு. இதையும் சும்மா வாயில சொல்லிட்டு உட்டறாதீங்க. எழுதுங்க" என்றாள்.

மறுநாள் எழுதி, மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினேன். கௌரிக்கு வேலையும் வீடும் திருப்பித் தரவேண்டும் என்று கேட்டு எழுதினேன். முதல் வரியை மட்டும் நாலு தடவை அடித்து அடித்து எழுதினேன். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் இப்படி நின்றது: கௌரி நடிக்கவில்லை, நடிக்கிறாள் என்று சொன்னவள் நான், அவள் வீடு போனதில் எனக்கும் பங்கு உண்டு.